சி-ஸ்பான் காணொளிக் காப்பகம்: நியமன விசாரணையை முழுதாகப் பார்க்க

அமெரிக்க வணிக அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஹோவர்ட் லட்னிக்கை செனட்டின் வணிகக் குழு 2025 ஜனவரி 29 அன்று விசாரித்ததை, செய்தித் துணுக்குகளாக அல்லாமல் முழுமையாகக் காண விரும்புவோருக்கு, அமெரிக்க நாடாளுமன்ற நடவடிக்கைகளை ஒளிபரப்பும், 1979 முதல் இயங்கும் லாபநோக்கற்ற தொலைக்காட்சியான சி-ஸ்பானின் இணையக் காப்பகத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வர்ணனையாளரின் குறுக்கீடு கிடையாது என்பதே பெரிய நிம்மதி. பேச்சின் எழுத்துவடிவத்தில் ஒரு சொல்லைத் தேடி, அது பேசப்பட்ட இடத்துக்கே காணொளியை நகர்த்தலாம். செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு நிறுவனம் அப்போது வணிகத் துறையின்கீழ்தான் இயங்கியது என்பதால் இவ்வசதி இங்கு மிகவும் உதவுகிறது: சைபர் பாதுகாப்புக்கு என்.ஐ.எஸ்.டி. (அத்துறையின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம்) வகுத்த தரநிலைகளைச் செயற்கை நுண்ணறிவுக்கு முன்மாதிரியாகக் காட்டும் லட்னிக்கின் நிதானத்தையும், சீனச் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்சீக் பற்றிய பேச்சில் வெளிப்படும் கடுமையையும் அடுத்தடுத்து ஒப்பிட முடிகிறது.

குறையென்றால், அந்த எழுத்துவடிவம் திருத்தப்படாத வசனவரிகளிலிருந்து எடுக்கப்படுவதால் பெயர்களும் தொழில்நுட்பச் சொற்களும் சிதைந்திருக்கக்கூடும். மேற்கோள் காட்டுமுன் காதால் கேட்டு உறுதிசெய்வது நல்லது. குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே கிடைக்கும் இத்தகைய அமர்வுகளில் நுணுக்கமான கேள்விகள் பெரும்பாலும் எழுத்துமூலமே பின்னர் கேட்கப்படுகின்றன. அவற்றைக் காணொளியில் தேடிப் பயனில்லை.