ஜூலை மாதத்து ஆர்மோனியம்: பழைய இரட்டை ரீட் பெட்டியும் மும்பை மழையும்

எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015 ஜூலை 14. மாட்டுங்கா, செம்பூர் பக்கம் அவர் பாட்டைப் பாடி நினைவுகூர நினைப்பவர்கள் பழைய ஆர்மோனியத்தைப் பரணிலிருந்து இறக்குவதும் அந்த வாரம்தான். மும்பையில் ஆர்மோனியத்துக்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது. எம்.எஸ்.வி. இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர், பிறகு மெட்டுப் போடும்போதும் பெட்டியை விடாதவர். அவருக்காக வாசிப்பதைச் சீறாத பெட்டியில் வாசிக்கலாமே.

இங்கே பேசுவது மூன்றரை ஸ்தாயி, 42 கட்டை, பாஸ்-மேல் (bass-male) என்று கடைக்காரர்கள் சொல்லும் இரண்டு வரிசை ரீட் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கு) உள்ள கைத்துருத்திப் பெட்டியைப் பற்றி. ஸ்கேல் சேஞ்சர் இல்லாதது. இல்லாததே நல்லது. அதில் சுருதியை மாற்றக் கட்டை வரிசை மொத்தமும் நகர வேண்டும். மரம் உப்பினால் முதலில் மக்கர் பண்ணுவது அதுதான்.

நீண்ட நாள் புழக்கத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தப்பு ஒன்று உண்டு. "சுருதி போச்சு" என்று உடனே ரீட்டை ராவக் கொடுத்துவிடுவார்கள். பித்தளை ரீட் மழைக்கு அவ்வளவு சீக்கிரம் மாறாது. மாறுவது தோலும் மரமும் பசையும். காற்று கசிந்தால் கீழ் ஸ்தாயி ரீட் தாமதமாக வாய் திறக்கும், ஸ்வரம் தள்ளாடும். காதுக்கு அது சுருதிக் குறையாகவே படும். ராவிய பித்தளை திரும்பி வராது.

அதனால் முதலில் காற்று. ரீட்டுக்குக் காற்றுவழி திறக்கும் குமிழான ஸ்டாப்பர்களில் ஒன்றை மட்டும் இழுத்து, துருத்தியை நன்றாக அடித்து நிரப்பிவிட்டு, நடு ஸ்தாயியில் ஒரே கட்டையை அழுத்துங்கள். 15, 20 வினாடியாவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஊதுபத்தி கொளுத்தி, துருத்தியை மெல்ல அழுத்திக்கொண்டே மடிப்பு மூலைகளில் காட்டுங்கள். நேராக எழும்பும் புகை ஓரிடத்தில் வெடுக்கென்று விலகும். அநேகமாக மூலைத்தோலில் ஊசிமுனை அளவு ஓட்டைதான். மெல்லிய ஆட்டுத்தோல் துண்டை ஓரம் சீவி ஒட்டலாம். பசை மடிப்புக்கோட்டில் தடிமனாகப் படிந்தால் காய்ந்து வெடிக்கும். செலோடேப் வேண்டவே வேண்டாம்.

தொடாமலே ஒரு ஸ்வரம் அழுதால் அந்தக் கட்டையின் காற்றுத் துளையை மூடும் அடைப்பான் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். கம்பி ஸ்பிரிங் கடற்காற்றில் துருவேறித் தளர்ந்திருக்கும், அல்லது அடைப்பானின் தோல் இறுகியிருக்கும். அடியில் ஒரு காகித நறுக்கைச் செருகி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் கோளாறு. கட்டை இறங்கி எழாமல் நின்றால் மரம் உப்பியிருக்கிறது. உப்புத்தாள் போடத் துடிக்காதீர்கள். டிசம்பரில் மரம் சுருங்கும், தேய்த்த கட்டை லொடலொடவென்று ஆடும். வெயிலில் காய வைப்பதும் ஆபத்து, ஒட்டு விட்டுவிடும். மூடிக்குள் 100 கிராம் சிலிக்கா ஜெல், தினம் 10 நிமிடம் வாசிப்பு. மழைக்காலத்துக்கு இவ்வளவு போதும்.

ஒரு ரீட் மட்டும் ஊமையானால் பெரும்பாலும் தூசி. கட்டை வரிசையோடு ரீட் பலகையைத் தூக்கி, ரீட்டின் நாக்குக்கு அடியில் மெல்லிய காகிதத்தை ஓட விட்டால் சரியாகிவிடும். கரகரத்தால் ரீட்டைப் பிடித்திருக்கும் திருகாணியை முடுக்கிப் பாருங்கள். இதெல்லாம் முடிந்த பிறகும் சுருதி சேரவில்லை என்றால்தான் ராவுவது: நாக்கின் நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், நுனிக்கு எதிரே வேர்ப்பக்கம் சுரண்டினால் இறங்கும். இரண்டு மூன்று இழுப்புக்கு மேல் ஒரே மூச்சில் போகாதீர்கள்; ராவிய சூடு ஆறிய பிறகு கேட்டால்தான் உண்மை தெரியும்.

ராவும்போது இன்னொரு ஆசை வரும். எம்.எஸ்.வி. மெட்டமைத்த தமிழ்த்தாய் வாழ்த்து மோகனம். 1 கட்டை சுருதியில் (C) வாசித்தால் அதன் அந்தர காந்தாரம், தம்பூராவோடு இயல்பாகச் சேரும் காந்தாரத்தைவிடப் பெட்டியில் சுமார் 14 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்) தூக்கலாக ஒலிக்கும். ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்குப் பின்னால் இந்த மனக்குறையும் இருந்தது. அந்த ரீட்டை இறக்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. அழுத்தும் அதே கட்டை, 6 கட்டை சுருதியில் (A) பாடுபவருக்குப் பஞ்சமம். அங்கே 14 சென்ட் குறைந்தால் சபையே முகம் சுளிக்கும். பாடுபவர் காந்தாரத்தில் நிற்கும்போது விரலை எடுத்துவிட்டு, சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்திருங்கள்.