பழைய ஆம்ப்ளிஃபயர்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

அப்பாவின் சான்சுய் ஏயூ-717 ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்த்து வைத்துக்கொண்டேன். அதோடு இருந்த கேசட் டெக்கைக் கழித்துவிட்டேன். ஏறக்குறைய ஒரே வயதுள்ள இரண்டுக்கும் ஏன் வெவ்வேறு முடிவு என்று கேட்பவர்களுக்காக இது.

புதியதன் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: உத்தரவாதம், ப்ளூடூத், ரிமோட், அலமாரியில் அடங்கும் அளவு. சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் இது சின்ன விஷயமில்லை. ஆடியோ கடைகள் நிறைந்த அடெல்ஃபி கட்டடத்தில் ஒரு மாலை சுற்றினால் பலவற்றைக் கேட்டுப் பார்த்தே வாங்கலாம். சமைக்கும்போது ஒலி 96.8 வானொலி பாடினால் போதும் என்பவர்கள் தாராளமாகப் புதிது வாங்கலாம்.

என் மனம் பழுது பார்ப்பதன் பக்கம்தான். ஆனால் அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கெட்டுப்போன பாகம் இன்றும் கடையில் கிடைக்கிறதா?

1970களின் ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் காலைவாருவது கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமித்து விடும் சிறு பாகம்), ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), வால்யூம் கன்ட்ரோல். மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் கெப்பாசிட்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். எங்கள் சான்சுயில் ஒரு பக்கம் விட்டுவிட்டுப் பாடியது. மூடியைக் கழற்றினால், கெப்பாசிட்டர்கள் ஆடாமலிருக்கத் தொழிற்சாலையில் வைத்த பசை கரும்பழுப்பாக இறுகிக் கிடந்தது. அந்தக் காலத்து சான்சுய்களில் பரவலாக உள்ள வியாதி இது. வயதான பசை மின்சாரத்தைக் கசியவிடும், பக்கத்துப் பாகங்களின் கம்பிக் கால்களை அரிக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் கேட்கவே வேண்டாம். பழுது பார்த்தவர் பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, அரித்த பாகங்களை மாற்றி, 105 டிகிரி தாங்கும் புதுக் கெப்பாசிட்டர்களைப் போட்டார். செலவில் பெரும்பகுதி அவர் கூலிதான். அந்த உழைப்புக்கு அது தகும்.

எல்லாப் பழைய பெட்டிக்கும் இதே கதை இல்லை. பயனியர் எஸ்எக்ஸ்-780-இல் ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் வேலையை, பக்கத்துக்கு ஒன்றாக, எஸ்டிகே-0050 என்ற பொதி (பல பாகங்களை உள்ளே அடைத்து மூடியது) செய்கிறது. அதன் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது, போலிகளும் உலவுகின்றன. அது போய்விட்டால் நான் காசு போடமாட்டேன். கேசட் டெக்கிலும் இதுதான் நடந்தது: பெல்ட் கிடைத்தது, உடைந்த பல்சக்கரம் கிடைக்கவில்லை. பழைய சிடி பிளேயரில் லேசர் போனாலும் பெரும்பாலும் இதே பாடுதான். ஸ்பீக்கரில் ஓரத்து ஃபோம் உதிர்ந்திருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், அதை மாற்றி ஒட்டலாம்.

ஜப்பான் உள்ளூர்ச் சந்தைப் பெட்டி என்றால் அது 100 வோல்ட்டுக்கானது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் சொருகிவிடாதீர்கள்.

வால்வு ஆம்ப்ளிஃபயரை நான் வைத்திருந்ததில்லை, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. எங்கள் சான்சுய் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன், கெட்டது எந்தப் பாகம், அதன் எண் என்ன, கையில் இருக்கிறதா என்று பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் மழுப்பினால் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.