கோழி இழுக்குது: மஞ்சளா, மருந்தா, கத்தியா?

மாரி ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கினால் யாழ்ப்பாணத்துக் கோழிக்கூடுகளில் இரவில் ஒரு சத்தம் கேட்கும். கொர் கொர் என்று மூச்சு இழுபடும், நடுவில் ஒரு தும்மல். விடியப் பார்த்தால் ஒரு பேட்டின் கண்ணோரம் நுரை, மூக்கில் ஒட்டிக் காய்ந்த தீன்தூள். ஐந்து பத்து முட்டைக்கோழி வைத்திருப்பவருக்கு அப்போது நாலு வழி உண்டு: வீட்டு வைத்தியம், அன்ரிபயோட்டிக், ஒதுக்கிவைத்துக் கூட்டைத் திருத்துவது, அல்லது எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது, ஒருவரும் வெளியில் சொல்வதில்லை.

எதைத் தெரிவதென்றாலும் முதலில் வருத்தம் எதுவென்று பார்க்க வேண்டும். வெளியில் எல்லாம் சளி போலத்தான் தெரியும், உள்ளே ஆள் வேறு. கண் நுரைத்து, கிழமைக்கணக்கில் மூச்சு இழுத்து, மெல்ல மெல்ல ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போனால் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா. முகம் வீங்கி, மூக்குச் சளி நாறினால் கொறைசா. இவை இரண்டும் பக்டீரியா. ஒன்றிரண்டு நாளில் கூடே தும்மத் தொடங்கி, பிறகு முட்டை ஓடு சுருங்கி, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராய் ஓடினால் அது தொற்று மூச்சுக்குழல் அழற்சி. அது வைரஸ், எந்த அன்ரிபயோட்டிக்கும் அதைத் தொடாது. பச்சைக் கழிச்சல், கழுத்து முறுகல், அடுத்தடுத்துச் சாவு என்று போனால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம். இராணிக்கெட்டாக இருக்கலாம், பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். ஒரு கோழியையும் வளவுக்கு வெளியே கொண்டுபோகாமல் உடனே கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

மஞ்சள், உள்ளி, ஆடாதோடை, மிளகு என்று எங்கள் அம்மம்மாமார் கொடுத்தவை கோழிக்குக் கொஞ்சம் தெம்பு தரலாம், தீன் எடுக்க வைக்கலாம். மைக்கோபிளாஸ்மாவைக் கூட்டைவிட்டுத் துரத்துமென்று நான் நம்பவில்லை. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். வெங்காயத்தை அள்ளி அள்ளிக் கொடுத்தால் கோழியின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். நல்லெண்ணெயைத் தொண்டைக்குள் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய், இருமலோடு நின்றிருக்கும் கோழியை அன்றைக்கே முடித்துவிடும்.

மருந்துக்கு வந்தால் கதை கொஞ்சம் நீளம். மைக்கோபிளாஸ்மாவுக்குக் கலச்சுவரே கிடையாது. பெனிசிலினும் அமொக்சிசிலினும் அந்தச் சுவரைக் குறிவைப்பவை, ஆகவே வீட்டில் மிஞ்சிய மாத்திரையை உடைத்துப் போடுவது வீண். ரைலோசின், டொக்சிசைக்கிளின் போன்றவைதான் வேலை செய்யும். அதிலும் எங்கள் ஊர்த் தண்ணீர் ஒரு குறுக்கு. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருப்பதால் பல கிணறுகளில் தண்ணீர் வன்மையானது. தண்ணீர் சுடவைக்கும் கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படிவதைப் பாருங்கள், அந்தக் கல்சியம் டொக்சிசைக்கிளின் சேர்ந்த ரெற்றாசைக்கிளின் வகை மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குள் போவது குறையும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறி அடிப்படிந்தபின் மேலே உள்ளதை எடுத்துக் கலந்தால் ஓரளவு நல்லது. மருந்து கொடுக்கும் நாட்களில் சிப்பித்தூளையும் தள்ளி வைக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

அளவுதான் அடுத்த தலையிடி. பைக்கற்று பெரிய பண்ணைக்கென்று வருகிறது. முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்கு 200 முதல் 250 மில்லிலீற்றர் வரை குடிக்கும், பத்துக் கோழிக்கு இரண்டு, இரண்டரை லீற்றர். அதற்கு “ஒரு சிட்டிகை” என்பது மருத்துவம் இல்லை. தராசில் நிறுத்து வாங்குங்கள், தினமும் புதிதாய்க் கலக்குங்கள், தேறிவிட்டதென்று பாதியில் நிறுத்தாதீர்கள். முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதை வைத்தியரிடம் கேட்டபின்தான் முதல் சொட்டுக் கொடுக்க வேண்டும். என்றோபுளொக்சசின் என்ற இன்னொரு அன்ரிபயோட்டிக்கைக் கடையில் சுலபமாக நீட்டினாலும் முட்டைக்கோழிக்கு வாங்காதீர்கள். அமெரிக்கா 2005இல் கோழிகளுக்கே அதை நிறுத்திவிட்டது, ஐரோப்பாவிலும் மனிதர் உண்ணும் முட்டையிடும் கோழிக்கு அதற்கு அனுமதியில்லை.

கூட்டைத் திருத்துவதுதான் இந்த நாலிலும் மலிவு, ஆனால் அதைத்தான் கடைசியில் செய்கிறோம். வாடைக்காற்றுக்கும் தூவானத்துக்கும் பயந்து படங்காலும் உரப்பையாலும் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிடுகிறோம். நனைந்த உமியிலிருந்து கிளம்பும் அமோனியா உள்ளேயே நிற்கிறது. காற்றில் பத்து இலட்சத்தில் 25 பங்கு வந்தாலே கோழியின் மூச்சுக்குழலைத் துப்புரவாக்கும் நுண்மயிர்கள் கெடத் தொடங்கும், பிறகு எந்தக் கிருமிக்கும் கதவு திறந்த மாதிரி. காலையில் கூட்டைத் திறந்தவுடன் கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கில் ஏறினால் மருந்துக்கடைக்கு முன் கூட்டைக் கவனிக்க வேண்டும்: ஈர உமியை அள்ளுங்கள், கூரைக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்குத் திறந்துவிடுங்கள், காற்று கோழியின் தலைக்கு மேலாகப் போகட்டும். இழுக்கும் கோழி தனிக்கூட்டில். தீன் போடும்போது சுகமானவற்றுக்கு முதலில், வருத்தக்காரருக்குக் கடைசியில்.

இனிக் கத்தி. மைக்கோபிளாஸ்மாவோ கொறைசாவோ வந்து தேறிய கோழி பார்வைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் கிருமியைச் சுமந்துகொண்டே திரியும். மைக்கோபிளாஸ்மா முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இறங்கும். மருந்து கோழியைத் தேற்றும், கூட்டைச் சுத்தமாக்காது. அதனால் எந்த மருந்து நல்லது என்பதைவிட, இந்தக் கூட்டிலிருந்து கோழியோ அடைமுட்டையோ வெளியே போகுமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. வீட்டுக்கு முட்டை வந்தால் போதும் என்பவர் மருந்தும் காற்றும் கொடுத்து, புதுக்கோழி சேர்க்காமல், இருப்பவை கிழடாகும் வரை ஓட்டலாம். மைக்கோபிளாஸ்மா மனிதரைத் தொற்றாது, மருந்து ஒதுக்குநாள் கழிந்த முட்டையைப் பயமில்லாமல் சாப்பிடலாம். குஞ்சு பொரிக்க வைத்து அயலுக்குக் கொடுப்பவர், சந்தைக்கு விற்பவர் கழித்துவிடுவதே நியாயம். இந்தக் கிருமிகள் கோழிக்கு வெளியே நெடுநாள் தாங்காது. கூட்டைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் விட்டு, இரண்டு மூன்று கிழமை வெறுமையாய் வைத்தால் போதும்.

ஐந்தாவது வழி, இழுக்கத் தொடங்கிய கோழியை விடியற்காலையில் சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடுவது. கொல்ல மனம் வராதவர்கள் பலர் செய்வது இதைத்தான். அந்தக் கோழி அன்று மத்தியானமே இன்னொரு வளவில் நிற்கும். நீங்கள் சந்தையில் வாங்குவதும் அப்படி வந்ததாக இருக்கலாம், ஆகவே புதிதாய் வாங்கியதை நாலு கிழமை தூரத்துக் கூட்டில் வைத்து, இரவில் போய்க் காதுகொடுத்துக் கேட்டபின் மற்றவற்றோடு சேருங்கள்.