மஸ்டா எம்எக்ஸ்-5-ஆ, டொயோட்டா எம்ஆர்-எஸ்-ஆ?

கிளிநொச்சிப் பக்கம் இருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிற தம்பிமாருக்கு முதலில் ஒன்று: இவை இரண்டும் கூரையைத் திறந்து ஓடக்கூடிய பழைய கார்கள், இலங்கையில் ஏற்கெனவே பதிந்து ஓடுவதில்தான் பொறுக்கி எடுக்க வேண்டும்.

மஸ்டா 1989இல் வந்தது, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். முன்னால் 1.6 லீற்றர் எஞ்சின், பின்சில்லு இழுவை, முதல் மொடல் ஆயிரம் கிலோகூட இல்லை. எஞ்சின் நல்லது, டைமிங் பெல்ட்டை நேரத்துக்கு மாற்றினால் சரி. உக்கல்தான் எமன். கூரையில் விழும் தண்ணீர் சீற்றுக்குப் பின்னாலுள்ள சின்னத் துவாரங்களால் வடிய வேண்டும், எங்கள் கிரவல் புழுதி அதை அடைத்துவிட்டால் ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர் கதவுக்குக் கீழே தகட்டுக்குள் தேங்கி உள்ளிருந்தே உக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். பின்சில்லுக்கு முன்னால் குனிந்து விரலால் அழுத்திப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

எம்ஆர்-எஸ் 1999இல் வந்தது. எஞ்சின் சீற்றுக்குப் பின்னால், 1.8 லீற்றர், டொயோட்டாவின் முதல் தலைமுறை அலியன் 1.8இல் இருக்கிற அதே 1இசட்இசட் எஞ்சின், அதனால் வவுனியாவில் எந்தக் கராஜ்காரரும் மிரள மாட்டார். பெல்ட் இல்லை, செயின். ஆனால் ஆரம்ப வருட எஞ்சின்கள் ஓயில் குடிக்கும். கிளச் மிதி இல்லாத எஸ்எம்டி கியர் என்றால் விட்டுவிடுங்கள். டிக்கியும் இல்லை.

தகடு சுத்தமாக இருந்தால் நான் மஸ்டாதான் எடுப்பேன். பின்னேரம் கூரையைத் திறந்து, மாங்குளம் தாண்டி ஏ9இல் அந்தக் கியரை மாற்றிப் பார்த்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.