அறுபதுக்கு மேல் நீள முடி: வாங்கியதில் எது தேறியது, எது தண்டம்

எனக்கு வயது 63. ஓய்வு பெற்ற வாரத்தில் வழக்கப்படி முடி வெட்டப் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஆரம்பம் அவ்வளவுதான். முப்பத்தைந்து வருடம் மாதம் தவறாமல் உட்கார்ந்த நாற்காலியில் இந்த மாதம் உட்கார வேண்டாமே என்று தோன்றியது, அடுத்த மாதமும் அப்படியே தோன்றியது. இப்போது இரண்டே கால் வருடம் ஆகிறது, முடி தோளைத் தொட்டுவிட்டது. குளியலறை அலமாரியைக் காட்டி "இதுல என்னோடது எங்க இருக்கு?" என்று மனைவி கேட்கும் அளவுக்குச் சாமான் சேர்ந்துவிட்டதால், எது உபயோகம், எது தண்டம் என்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் தலையின் நிலவரம். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு மெலிந்துவிட்டது, நெற்றி இரண்டு பக்கமும் மேலே ஏறியிருக்கிறது, காதுப்பக்கமும் பிடரியும் இன்னும் அடர்த்தி. முக்கால்வாசி நரை. நேர் முடியும் இல்லை, சுருட்டையும் இல்லை, இரண்டுக்கும் நடுவே அலை அலையாக இருக்கும். உங்கள் தலை வேறு மாதிரி என்றால் நான் கொடுக்கும் மார்க்கும் உங்களுக்கு மாறும்.

வாங்கியதிலேயே முதல் இடம் சீப்புக்குத்தான். பெரிய பல் மரச்சீப்பு. அதுவரை சட்டைப் பையில் செருகும் சின்னப் பல் பிளாஸ்டிக் சீப்புதான் எனக்குத் தெரிந்த ஒரே சீப்பு, குட்டை முடிக்கு அது போதும். முடி கழுத்தைத் தொட்டதும் அதே சீப்பால் உச்சியில் ஆரம்பித்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தேன், கீழே போகப் போகச் சிக்கெல்லாம் ஒன்றுசேர்ந்து பிடரியில் முடிச்சாக நிற்கும், அதையும் இழுப்பேன், படக் படக் என்று அறுபடும் சத்தம் எனக்கே கேட்கும். அப்புறம்தான் புரிந்தது, நுனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசி நாலு விரல்கடை முதலில், அது வழுக்கிக்கொண்டு போனதும் இன்னும் நாலு விரல் மேலே, அப்படியே ஏற வேண்டும். பெண்களுக்கு ஆறு வயதில் தெரிந்த சங்கதி எனக்கு அறுபத்தொன்றில் தெரிந்தது.

சீப்பு வாங்கும்போது ஒரு சோதனை உண்டு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நகத்தை ஓட்டிப் பாருங்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சீப்புகள் பலவற்றில் நட்டநடுவே மெல்லிய விளிம்பு ஒன்று தட்டும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தினமும் முடியைச் சுரண்டும். நன்றாக இழைத்த மரச்சீப்பில் அது இருக்காது. குறை என்றால், ஈரத்தில் போட்டு வைத்தால் மரம் உப்பி வெடித்துவிடும், என்னுடைய முதல் சீப்பு அப்படித்தான் போனது. தலை சொட்டச் சொட்ட இருக்கும்போது வாராதீர்கள், ஈர முடி ரப்பர் போல இழுபடும், பலம் குறைவு. பாதி காய்ந்த பிறகு எடுங்கள். நல்ல சுருட்டை முடிக்காரர்களுக்கு மட்டும் இது தலைகீழ், ஈரத்தில் கண்டிஷனரோடு சிக்கெடுப்பதுதான் அவர்களுக்குச் சுலபம்.

அடுத்தது கண்டிஷனர். உண்மையைச் சொன்னால் அறுபது வயது வரை அது ஷாம்பு விற்பவர்கள் இரண்டாவது பாட்டில் தள்ளிவிடக் கண்டுபிடித்த தந்திரம் என்றே நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் மனம் மாறியது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது, வருடத்துக்கு ஏறக்குறைய 15 செ.மீ. வரை போகலாம். அப்படியானால் என் தோளில் கிடக்கும் நுனி முளைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை குளியல், அத்தனை வெயில், அத்தனை தலையணை பார்த்த நுனி அது, மேலே இருந்த செதில்கள் தேய்ந்து போயிருக்கும். தேய்ந்த முடியில் எதிர்மின்னூட்டம் அதிகம், கண்டிஷனரில் இருப்பவை நேர்மின்னூட்டம் கொண்டவை, அதனால் எங்கே சேதம் அதிகமோ அங்கே போய் அதிகமாக ஒட்டிக்கொள்கிறது. தந்திரம் இல்லை, வேலை செய்கிறது.

ஆனால் எங்கே போடுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. முதல் ஒரு மாதம் ஷாம்பு மாதிரி உச்சியிலிருந்து தேய்த்தேன், முடி மண்டையோடு படிந்து, உச்சியில் இருந்த மெலிவு பளிச்சென்று தெரிந்தது, "ஒரே மாசத்துல இவ்வளவு கொட்டிடுச்சா?" என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். கொட்டவில்லை, படுத்துவிட்டது. இப்போது ஒரு கோலிக்குண்டு அளவு எடுத்துக் காதுக்குக் கீழே மட்டும் தடவுகிறேன். ஆண்களுக்கு என்று கறுப்பு பாட்டிலில் வருவதும், பக்கத்திலேயே பூப் படம் போட்டு நிற்பதும் இரண்டும் வாங்கிப் பார்த்தேன், பின்பக்கம் இருக்கும் பட்டியலில் முதல் ஐந்து பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுதான். மிளகு வாசனை வேண்டுமா மல்லிகை வாசனை வேண்டுமா, அதுதான் கேள்வி. எனக்கு மல்லிகை.

கட்டும் ரப்பருக்கு வருவோம். இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். நாலாவது மாதத்திலிருந்து பத்தாவது மாதம் வரை ஒரு அவஸ்தைக் காலம் உண்டு, காதுக்குப் பின்னால் செருகவும் நிற்காது, கட்டவும் எட்டாது, பழைய சக ஊழியர் ஒருவர் வழியில் பார்த்துவிட்டு "உடம்பு ஏதும் சரியில்லையா சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பெரும்பாலானவர்கள் இங்கேதான் கத்தரியைத் தேடுகிறார்கள். நான் தொப்பி போட்டு ஓட்டினேன். அது முடிந்து முதல்முறை கட்ட முடிந்த சந்தோஷத்தில், மேசை இழுப்பறையில் கிடந்த, காகிதக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டையே போட்டேன். சாயங்காலம் கழற்றினால் ரப்பரோடு பதினைந்து இருபது முடி வந்தது. அடுத்து வாங்கியது, இரண்டு முனையையும் உலோகத்தால் இணைத்த எலாஸ்டிக், அந்த இணைப்பில் தினமும் நாலு முடி மாட்டும்.

என் எட்டு வயதுப் பேத்திதான் மீட்டாள். "தாத்தா, இப்படி இழுத்துக் கட்டக் கூடாது. கழட்டும்போது புடிச்சு இழுக்காதீங்க, சுத்திச் சுத்தி எடுங்க" என்று என்னைத் தரையில் உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டு, துணி சுற்றிய அகலமான பேண்டை இரண்டே சுற்றில் போட்டுக் காட்டினாள். துணி போட்ட அந்த வகைதான் சிறந்தது. பழைய தொலைபேசி ஒயர் மாதிரி சுருள் சுருளாக வருவதும் பரவாயில்லை, ஆனால் ஒரு மாதத்தில் தளர்ந்துவிடுகிறது. இறுக்கம் பற்றி அவள் சொன்னது சின்ன விஷயம் இல்லை. நாள் முழுக்க இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றியோர முடி வேரோடு பலவீனப்படும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காமலே போகலாம். நமக்கு ஏற்கெனவே நெற்றி ஏறிக்கொண்டிருக்கிறது, நாமும் சேர்ந்து ஏன் தள்ளிவிட வேண்டும்? கட்டிய பிறகு புருவத்தை உயர்த்திப் பாருங்கள், தலைத்தோல் இழுத்தால் அவிழ்த்துவிட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். பேத்தி கொடுத்தது வண்டுப் படம் போட்ட பேண்ட். வீட்டில் அதைத்தான் போடுகிறேன்.

ஊதா ஷாம்பு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நரை முடி நீளமானால் நுனிப்பக்கம் பழுப்பேறும், வெயில், புகை, கடின நீரில் உள்ள உப்புகள் எல்லாமே காரணம். மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா, அதனால் ஊதாச் சாயம் கொஞ்சம் ஏறினால் மஞ்சள் அடங்கி வெள்ளை தெரியும். நன்றாகவே வேலை செய்கிறது, வெள்ளி மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் பாட்டிலில் மூன்று நிமிடம் என்று போட்டிருந்தால் மூன்று நிமிடம்தான். எனக்கு நடுவில் ஒரு போன் வந்தது, பேசி முடித்து அலசும்போது பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. காதோரம் இரண்டு பக்கமும் இளம் ஊதா. அன்றைக்குத்தான் மகள் வீடியோ காலில் வர வேண்டுமா? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள். நாலு முறை சாதாரண ஷாம்பு போட்டு அலசிய பிறகு போனது. வாரம் ஒருமுறை, இரண்டு நிமிடம் போதும். முடியைக் கொஞ்சம் வறட்சியாக்கும், அதனால் அன்றைக்குக் கண்டிஷனரை விட்டுவிட வேண்டாம்.

இப்போது தண்டம். முடி வளர்க்கும் தைலம். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, இப்படிப் பத்து இருக்கிறது. வழுக்கையில் தொண்ணூறு நாளில் முடி என்று படம் போட்டிருந்தது, பெட்டியில் இருபது மூலிகைப் பெயர்கள், எது எத்தனை சதவீதம் என்று ஓரிடத்திலும் இல்லை. நாலு மாதம் விடாமல் தேய்த்தேன். உச்சியில் ஒன்றும் முளைக்கவில்லை, தலையணை உறை மூன்று பாழானதுதான் மிச்சம். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் இன்னும் ஆறு மாதம் தொடரச் சொல்லிப் பதில், கூடவே தள்ளுபடிச் சீட்டு.

எண்ணெயே வீண் என்று சொல்ல வரவில்லை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காய் எண்ணெய்தான் தெளிவாகக் குறைத்தது. அது முடியின் தண்டுக்குள் புகக்கூடியது. குளிப்பதற்கு முன் நுனிக்குக் கொஞ்சம் தடவினால் இருக்கும் முடி அறுபடாமல் நிற்கும். புதிதாக முளைப்பது வேறு சமாசாரம், இரண்டையும் ஒரே பாட்டிலில் போட்டு விற்பதில்தான் ஏமாற்று இருக்கிறது.

முளைப்பதற்கு நிரூபணம் உள்ள மருந்து மினாக்சிடில். முதலில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்தது, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குத் தடவும் திரவமாக்கினார்கள், 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தோல் மருத்துவர் சொல்லி 5% திரவம் எட்டு மாதமாகப் போடுகிறேன். முதல் சில வாரம் இன்னும் அதிகமாகக் கொட்டியது, பயந்துவிட்டேன், அது எதிர்பார்க்கக்கூடியதுதான் என்றார். நாலு மாதத்துக்கு மேல்தான் வித்தியாசம் தெரிந்தது, உச்சியில் சன்னமாக ஒரு போர்வை மாதிரி. நிறுத்தினால் வந்தது போய்விடும், அதாவது ஆயுள் சந்தா. நீள முடிக்காரனாக என் புகார், திரவம் தோலுக்குப் போவதற்குள் பாதி முடியிலேயே ஊறிவிடுகிறது. வகிடு வகிடாகப் பிரித்துச் சொட்டு விட வேண்டும், தினம் இரண்டு வேளை. எனக்கு அரிப்பும் வந்தது, திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் ஒத்துக்கொள்ளவில்லை, அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாறியதும் நின்றது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை, இந்த மருந்து பூனைகளுக்கு விஷம், தலையணையை நக்கினாலே ஆபத்து.

முடி கொட்டுவதற்குக் கொடுக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரையையும் மருத்துவர் சொன்னார், நான் எடுக்கவில்லை. எடுக்கும் நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று: புராஸ்டேட்டுக்குப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையின் அளவை இது ஏறக்குறைய பாதியாகக் காட்டும். பரிசோதனை செய்பவரிடம் சொல்லாவிட்டால் இருக்கும் பிரச்சினை மறைந்துபோகும்.

போன வருடம் கடும் காய்ச்சல் வந்து இரண்டரை மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி வந்தது. புதிய ஷாம்புதான் காரணம் என்று அதைத் தூக்கி எறிந்தேன். பாவம் ஷாம்பு. காய்ச்சலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவது உண்டு, தானாக நின்றது, திரும்பவும் வளர்ந்தது.

சலூன் சேவையையும் சொல்ல வேண்டும். பழகிய கடைக்கே போய் "நுனி மட்டும், ஒரு சென்டிமீட்டர்" என்றேன். தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தால் எனக்கு எதுவும் தெரியாது, திரும்ப மாட்டிப் பார்த்தபோது நாலு விரல் நீளம் தரையில் கிடந்தது. ஏழு மாத வளர்ச்சி, பத்து நிமிடத்தில். "இப்பத்தான் சார் நல்லா இருக்கு" என்றார். ஆண் உட்கார்ந்தால் குட்டையாக்கித்தான் அனுப்ப வேண்டும் என்று கை பழகியிருக்கிறது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனால் இப்போது அங்கே போவதில்லை. பெண்களுக்கு வெட்டும் ஒருவரிடம் போகிறேன். முதல் நாளே "எவ்வளவுன்னு உங்க விரல்ல காட்டுங்க" என்று கேட்டு, காய்ந்த முடியில் கொஞ்சம் வெட்டி, கையில் வைத்துக் காட்டி, பிறகுதான் மீதியைத் தொட்டார். நாலு மாதத்துக்கு ஒருமுறை போதும், நுனி வெடித்து மேலே ஏறாமல் இருக்கும். கண்ணாடியையும் கடைசி வரை போட்டுக்கொண்டே இருக்க விடுகிறார்.

கடைசியாக சாட்டின் தலையணை உறை. முடி கொட்டுவதை நிறுத்தும் என்று போட்டிருந்ததை நான் நம்பவில்லை, அது செய்யவும் இல்லை. ஆனால் காலையில் பிடரியில் சிக்கு பாதியாகக் குறைந்திருக்கிறது, துணி வழுக்குவதால் உரசல் கம்மி. குறை, தலையணையே நடுராத்திரியில் வழுக்கிக் கீழே விழுகிறது. இரண்டு வாங்கினேன், ஒன்றை மனைவி எடுத்துக்கொண்டாள். மரச்சீப்பும் இப்போது அவளிடம்தான் இருக்கிறது, கேட்டால் "உங்களுக்கு இன்னொண்ணு வாங்கிக்குங்க" என்கிறாள்.