ஆட்குறைப்பின் அறிகுறிகள்: நிறுவனத்தைக் கவனிப்பதா, நம் மேசையைக் கவனிப்பதா?

வேலை போகக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய விரும்புகிறவர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இரு வகை. நிறுவனம் முழுவதற்கும் பொதுவானவை முதல் வகை: ஆள் எடுப்பது நின்றுபோவது, விலகிச் சென்றவரின் இடம் காலியாகவே கிடப்பது, பயணச் செலவும் பயிற்சிச் செலவும் வெட்டப்படுவது. நம் ஒருவரது வேலையைச் சுற்றி மட்டும் தென்படுபவை இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முன்னது காலத்தைச் சொல்கிறது, பின்னது ஆளைச் சொல்கிறது.

முதல் வகையின் பலம் அது சீக்கிரமே தெரிந்துவிடுவதுதான். 2022 செப்டம்பர் இறுதியில் ஆள் எடுப்பை நிறுத்திய, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, நவம்பர் 9 அன்று 11,000-க்கும் மேற்பட்டோரை நீக்குவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் ஆள் எடுக்கும் வேகத்தைக் குறைப்பதாகச் சொன்ன கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட், 2023 ஜனவரி 20 அன்று ஏறக்குறைய 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ஆறு வாரமோ ஆறு மாதமோ, கையிருப்பைச் சேர்க்கவும் தன்விவரக் குறிப்பைப் புதுப்பிக்கவும் அது போதுமான அவகாசம். ஆனால் யார் போவார்கள் என்பதை இவ்வகை சொல்லாது. மெட்டாவின் அந்தச் சுற்றில் நீக்கப்பட்டவர்கள் சுமார் 13 விழுக்காடு; அதே அறிவிப்பைக் கேட்டுக் கலங்கிய மற்றவர்கள் அப்போதைக்கு வேலையில் நீடித்தார்கள்.

இரண்டாம் வகை தாமதமாக வரும், ஆனால் குறி தப்புவது குறைவு. ஐந்து ஆண்டுகளாக நான் கவனித்துவந்த ஒரு பணியை முழுமையாக எழுதித் தருமாறு என் மேலாளர் ஒருநாள் கேட்டார். "நீங்க லீவுல போனா மத்தவங்களுக்கு உதவும்" என்றார். கெடு இரண்டே வாரம். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த காலாண்டுக்கான வேலைப் பங்கீட்டு அட்டவணை வந்தபோது, அந்தப் பணிக்கு நேரே வேறொருவர் பெயர் இருந்தது; என் பெயர் எந்த வரிசையிலும் இல்லை. மூன்று வாரம் கழித்து மனிதவளத் துறையிலிருந்து அழைப்பு வந்தது. அதுவரை மேலாளரின் பேச்சில் ஒரு மாற்றமும் இருக்கவில்லை என்பதால்தான், பேச்சை விட்டுவிட்டு அட்டவணையைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

இவ்வகையிலும் எல்லாம் சமமான எடை உடையவை அல்ல. வாராந்தரச் சந்திப்பு தள்ளிப்போவதோ, மேலாளர் முகம்கொடுத்துப் பேசாததோ தனியே எதையும் உறுதிப்படுத்தாது. அவருக்கே வேலை நெருக்கடி இருக்கலாம். பொறுப்பு கைமாறுவதும், வருங்காலத் திட்டங்களில் பெயர் இல்லாமற்போவதும் அப்படியல்ல, ஏனெனில் அவை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவுகள். செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது வேலையில் குறை சொல்லி, குறித்த காலத்துக்குள் திருத்திக்கொள்ளக் கெடு வைக்கும் ஏற்பாட்டில், ஒருவரைச் சேர்ப்பது ஆட்குறைப்பைச் சேர்ந்ததன்று, அது வேறு கதை. ஆயினும் அளக்கக்கூடிய இலக்கு ஒன்றுகூட அதில் இல்லையென்றால் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் முதல் வகையையே தேர்வேன், அது தரும் அவகாசத்துக்காக. இரண்டும் ஒருசேரத் தெரிந்தால் அன்றே வெளியில் விண்ணப்பிக்கத் தொடங்கலாம். ஆனால் வேறு வேலை கைக்கு வரும்முன் அவசரப்பட்டு விலகல் கடிதம் கொடுத்துவிட வேண்டாம், நீக்கப்படுபவருக்குத் தரும் இழப்பீடு தானாக விலகுபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மேசையருகே மட்டும் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், "அடுத்த காலாண்டில் என் பொறுப்பு என்ன?" என்று மேலாளரிடம் நேராகவே கேட்டுவிடலாம். திட்டத்தின் பெயரும் தேதியும் பதிலில் வந்தால் சற்று மூச்சு விடலாம். "பார்க்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்தால், அந்தப் பதிலையும் இரண்டாம் வகை அறிகுறிகளோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.