உப்புக்காற்றில் ஒரு ட்ராட் சன்னி: ஸ்டார்ட்டிங், வயரிங் கோளாறுகளோடு பல வருடப் பாவனை

என்னிடம் இருப்பது 1988 மாடல் நிசான் ட்ராட் சன்னி கார். ஜிஏ15 எஞ்சின், கார்பரேட்டர், மனுவல் கியர். சித்தப்பா கொழும்பில் ஓட்டிவிட்டு எனக்குத் தந்தது. எஞ்சினைப் பற்றியும் கியர்பொக்ஸைப் பற்றியும் எழுத அதிகம் இல்லை. நேரத்துக்கு ஒயில் மாற்றினால் குறை சொல்லாமல் ஓடும். இந்தக் கார் என் காசையும் பொறுமையையும் தின்றதெல்லாம் கரண்ட் விஷயத்தில்தான். வீடு மட்டக்களப்பு கல்லடியில். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இரும்பும் செம்பும் நிம்மதியாக இருக்கக்கூடிய இடமில்லை.

விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தாலும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டபோது பழைய சன்னி இன்னும் அழகாகத் தெரிந்தது.

சரி, கோளாறுக்கு வருவோம். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டாஷ்போர்ட் லைட் மங்கும். சில வேளை இரண்டாம் தரம் திருப்பினால் பிடிக்கும், சில வேளை ஒழுங்கைப் பொடியன்கள்தான் தள்ள வேண்டும். மனுவல் கியர் என்பதால் தப்பினேன்; ஓட்டோ கியர் காரை இப்படித் தள்ளி ஸ்டார்ட் எடுக்க முடியாது. டவுனில் ஒரு கராஜில் பற்றரி போய்விட்டது என்று புதிது போட்டார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. மாரி தொடங்கியதும் அதே ‘டக்’. அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார் என்றார்கள், ரீகண்டிஷன் ஒன்று மாட்டினார்கள். அதன்பிறகும் அதே கதை. கழற்றிய ஸ்டார்ட்டரையும் திருப்பித் தரவில்லை. நல்ல சாமானாக இருந்திருக்கும் என்ற எரிச்சல் இன்னும் போகவில்லை.

கடைசியில் காத்தான்குடியில் வயரிங் வேலை செய்யும் ஒரு காக்காவிடம் (அண்ணனிடம்) கொண்டுபோனேன். அவர் சாவியைத் தொடவே இல்லை. பொனட்டைத் திறந்து பற்றரியின் நெகட்டிவ் வயரைப் பிடித்தபடியே கையைக் கீழே கொண்டுபோனார். அது காரின் பொடியில் (இரும்பு உடலில்) இறுகும் இடத்திலும், அங்கிருந்து எஞ்சினுக்குப் போகும் பின்னல் பட்டியிலும் விரலால் சுரண்டினார். பச்சைத் தூள் உதிர்ந்தது. பட்டியின் இழைகளில் பாதி அறுந்திருந்தன. போல்ட்டுக்குக் கீழே யாரோ பெயின்ட் அடித்து, அதற்கு மேலேயே இறுக்கியிருந்தார்கள்.

“தம்பி, பற்றரிக்கு ஒண்டுமில்ல. ஏர்த்துதான் புடிக்குதில்ல” என்றார். பற்றரி நெகட்டிவ் பொடியோடும் எஞ்சினோடும் சேரும் இணைப்பைத்தான் ஏர்த் என்பார்கள்.

ஜம்பர் கேபிள் ஒன்றின் ஒரு முனையைப் பற்றரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினில் ஒரு வெறும் போல்ட்டிலும் மாட்டினார். “இப்ப அடிங்க.” ஒரே திருப்பில் பிடித்தது. முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும் காலத்தில் வாவி நிறையத் தண்ணீர் இருந்தாலும் கடலுக்கு ஒரு சொட்டுப் போகாதே, அந்த நிலைமைதான். பற்றரி நிறைந்திருந்தது, போகும் வழிதான் அடைபட்டிருந்தது.

புதுப் பற்றரி போட்டதும் ஏன் சில வாரம் சரியானது என்றும் அப்போதுதான் விளங்கியது. புதிய பற்றரிக்கு மிச்சப் பலம் இருக்கும், அடைப்பையும் மீறித் தள்ளிவிடும். உப்பு கொஞ்சம் கூடியதும் அதுவும் தோற்றுப்போகும்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். சாதாரண டிஜிட்டல் மீற்றர் போதும், ஆனால் ஓம்சில் வைத்து அளப்பதில் பிரயோசனமில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 150 அம்பியர் அளவுக்கு இழுக்கும். 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கே தொலைந்துவிடும். அவ்வளவு சின்னத் தடையை மலிவு மீற்றர் காட்டாது. அதனால் டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பற்றரி நெகட்டிவ் தலையில் (கிளாம்பில் அல்ல, ஈயத் தலையிலேயே), மறுமுனை எஞ்சின் இரும்பில். காரை நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். எஞ்சின் பிடிக்காமலிருக்க இக்னிஷன் கொயிலின் நடு வயரைக் கழற்றி ஏர்த்தில் தொடவைத்துவிட்டு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் ஏர்த்தில் பிழை. பொசிட்டிவ் பக்கத்தையும் பற்றரித் தலைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் இடையில் இதேபோல் பார்க்கலாம். சுற்றும்போது பற்றரித் தலைகளிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால்தான் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும், அதுவும் அது நன்றாகச் சார்ஜில் இருந்தால். காலையில் சும்மா நிற்கும்போது 12.6 இருந்தால் நிறைந்த பற்றரி. 12.2 என்றால் கிட்டத்தட்டப் பாதி.

கிளாம்ப் விஷயம் ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஜப்பான் அளவுப் பற்றரிகளில் தலை மெல்லியது, தடித்தது என இரண்டு வகை உண்டு. நான் போடுவது என்எஸ்60. அதிலேயே இரண்டும் வரும். தடித்த தலைக்கான கிளாம்பை மெல்லிய தலையில் மாட்டி, இடையில் தகரத்துண்டைச் செருகி அனுப்பிவிடுகிறார்கள். தகரம் நம்மூர்க் காற்றில் எத்தனை நாளைக்கு? ஈயத்தில் சரியான உறை வாங்கலாம், அல்லது கிளாம்பையே மாற்றலாம். வெள்ளைப் பூ பூத்திருந்தால் அப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் பொங்கிக்கொண்டு கழன்றுவிடும். பற்றரி மூடிக்குள் மட்டும் அது போகக்கூடாது. காயவிட்டு இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின். முதலில் பூசிவிட்டு இறுக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஏர்த் சரியான பிறகும் சில நாட்களில் ‘டக்’ கூட வராமல் மௌனமாக நின்றது. அது வேறு நோய். பழைய கார்களில் ஸ்டார்ட்டரின் சொலனோய்டை (அதன் மேலிருக்கும் காந்தச் சுவிட்சை) இழுக்கும் கரண்ட் சாவிப்பூட்டு வழியாகவே போகும். பூட்டுக்குள் தொடுமுனை தேய்ந்து கருகினால் ஸ்டார்ட்டருக்கு வந்து சேர்வது ஒன்பது, பத்து வோல்ட்தான். காக்கா பூட்டை மாற்றவில்லை. சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் நாலு கால் ரிலே ஒன்றைப் போட்டார். கால்களில் உள்ள எண்களின்படி சாவி வயர் 86இல், 85 ஏர்த்தில், பியூஸோடு பற்றரியிலிருந்து 30க்கு, 87இலிருந்து சொலனோய்டுக்கு. செலவு சொற்பம். இந்தக் காரில் செய்த வேலைகளில் காசுக்கு மிகப் பெறுமதியானது அதுதான்.

சார்ஜிங் பக்கம் நீண்டகாலத்தில் பெரிய தொல்லை தரவில்லை. ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் போதும். பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டனேட்டரின் பின்னால் எல், எஸ் என்று இரண்டு மெல்லிய வயர்கள் உண்டு. எஸ் என்பது பற்றரியின் அளவைப் பார்க்கும் கண். அதன் இணைப்பில் பச்சை பிடித்தால் பற்றரி குறைவாக இருக்கிறது என்று நினைத்து ஓல்டனேட்டர் அதிகமாகத் தள்ளும், பற்றரித் தண்ணீர் வற்றும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தால் வெயிலை மட்டும் குறை சொல்லாமல் அந்தச் சொக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். எல் வயர் டாஷ்போர்டில் உள்ள சிவப்பு பல்புக்குப் போகும். அந்த பல்ப் எரிந்துபோனால் சில ஓல்டனேட்டர்கள் சார்ஜ் செய்யவே தொடங்காது. ஒரு பல்புக்காக ஓல்டனேட்டரையே கழற்றியவர்களும் இருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் அது பெரும்பாலும், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரின் மூடி. கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடைத்தால் பிடிக்கும். உள்ளே மயிர்போல் கறுப்புக் கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். பிடித்த எஞ்சின் அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றால் கார்பரேட்டரிலுள்ள ஐடில் சொலனோய்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்.

2022இல் பெற்றோல் இல்லாமல் கார் முற்றத்தில் கிடந்த காலத்தில் இன்னொன்று தெரியவந்தது. ஓடாத காரில் எதற்குப் பற்றரி இறங்குகிறது? நெகட்டிவ் வயரைக் கழற்றி மீற்றரை 10 அம்பியரில் இடையில் வைத்துப் பார்த்தால், வழக்கமாக இருக்கக்கூடிய 50 மில்லி அம்பியரைவிடப் பல மடங்கு. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றியபோது ரேடியோ செட்டின் பியூஸில் மீற்றர் அளவு விழுந்தது. சித்தப்பா காலத்தில் யாரோ போட்ட அம்ப்ளிபையர், சாவி இல்லாமலே விழித்துக்கொண்டு இருந்திருக்கிறது. மீற்றர் அப்படி மாட்டியிருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் எடுக்க வேண்டாம், மீற்றர் பியூஸ் போய்விடும்.

இப்போது வருடம் ஒருமுறை, மாரி தொடங்குமுன், ஏர்த் இடங்களைக் கழற்றி உப்புத்தாளால் உரசிப் பூட்டுகிறேன். பின்னல் பட்டிக்கு மேலதிகமாக எஞ்சினிலிருந்து நேரே பற்றரிக்கு இன்னொரு தடித்த வயரும் உண்டு. கல்முனை, செங்கலடி என்று எங்கே போனாலும் ஸ்டார்ட் பற்றி யோசிப்பதில்லை. பெற்றோல் கேஜ் மட்டும் இன்னும் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. அதுவும் டாங்கிப் பக்க ஏர்த் என்றுதான் காக்கா சொல்கிறார். அடுத்த முறை பின்சீற்றைக் கழற்ற வேண்டும்.